புரத மைக்ரோஅரேயில் ஆன்டிபாடியை அளப்பது: சாயத் தேர்விலிருந்து கடைசி எண் வரை

புரத மைக்ரோஅரே என்பது நுண்ணோக்கியில் வைக்கும் சாதாரணக் கண்ணாடி ஸ்லைடுதான். 25 மி.மீ. அகலம், 75 மி.மீ. நீளம். அதன்மேல் ஊசிமுனை பட்டதுபோல ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கிருமியின் ஒரு புரதம். ஒருவருடைய சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஓரிரு மைக்ரோலிட்டரை நீர்த்து இதன்மேல் ஊற்றி வைத்தால், அவர் உடல் எந்தெந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி செய்து வைத்திருக்கிறதோ அந்தந்தப் புள்ளியில் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டத்தான் ஒளிரும் சாயம். அந்த ஒளியைப் பிடிக்க ஸ்கேனர் வேண்டும், அல்லது கேமரா வேண்டும்.

கடைசியில் கணினி 23,418 என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். பார்த்தவுடன் "இவ்வளவு ஆன்டிபாடி" என்று படித்துவிடுகிறோம். ஆனால் கருவி அளந்தது ஒளியை. அந்த ஒளியில் ஆன்டிபாடியின் பங்கு உண்டு. ஸ்லைடு தானாகவே மினுக்கும் பங்கு உண்டு. கழுவியும் போகாத சாயத்தின் பங்கு உண்டு. அறைக்காற்று தின்றுவிட்ட ஒளி கணக்கிலேயே வராது. ஆன்டிபாடியின் பங்கை மட்டும் ஒவ்வொரு படியிலும் எப்படிப் பிரித்துக் காப்பாற்றுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முறை வந்த வழி

2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் கவின் மக்பீத்தும் ஸ்டூவர்ட் ஷ்ரைபரும் ஒரே ஸ்லைடில் 10,800 புள்ளிகள் அச்சிட்டார்கள். 10,799 புள்ளிகளில் ஒரே புரதம், ஒன்றில் மட்டும் வேறு புரதம். சாயம் ஏற்றிய துணைப் புரதத்தை ஊற்றியபோது அந்த ஒற்றைப் புள்ளி தனியாகச் சிவந்து நின்றது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரவுனின் குழு 115 ஆன்டிபாடி, ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்கும் புரதம்) ஜோடிகளை இந்த முறையில் சோதித்தது. அந்த 115-இல் நன்றாக வேலை செய்தவை ஒரு பகுதிதான். புரதம் டி.என்.ஏ. மாதிரி அடங்கி நடக்காது என்பதை அன்றே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

சீரத்திலுள்ள ஆன்டிபாடியை அளக்கும் வேலைக்கு இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர்கள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஃபிலிப் ஃபெல்க்னர், ஹியூ டேவிஸ் குழுவினர். 2005-இல் வாக்சீனியா வைரஸின் புரதங்களை ஸ்லைடில் ஏற்றிக் காட்டினார்கள். ஒவ்வொரு மரபணுவையும் குளோன் செய்து, ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றில் செல் இல்லாமலே புரதமாக மாற்றி, சுத்திகரிக்காமல் அப்படியே அச்சிடுவது அவர்கள் முறை. 2010-இல் மாலி நாட்டு மக்களின் சீரத்தை வைத்து மலேரியா ஒட்டுண்ணியின் சுமார் 1,200 புரதங்களை ஆராய்ந்த வேலையும் இதே வழிதான். கோவிட் வந்தபோது அதே வளாகத்தில் 67 ஆன்டிஜென் கொண்ட ஸ்லைடு ஒன்றைச் செய்து, குணமானவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த மாதிரி ஸ்லைடை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: சாயத்துக்கு முன்னால் ஸ்லைடைப் பாருங்கள்

பலரும் சாயத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ். முதலில் மேற்பரப்பு, அப்புறம் எந்தக் கருவியில் பார்க்கப் போகிறீர்கள் என்பது, கடைசியில்தான் சாயம்.

மேற்பரப்பு பெரும்பாலும் இரண்டு வகை. எபாக்சி அல்லது ஆல்டிஹைடு பூசிய வழுவழுப்பான கண்ணாடி ஒன்று. நைட்ரோசெல்லுலோஸ் படலம் பூசிய கண்ணாடி இன்னொன்று. எபாக்சி ஸ்லைடு தானாக ஒளிர்வது மிகக் குறைவு. ஆனால் அதில் புரதம் ஒரே அடுக்காகத்தான் உட்காரும். நைட்ரோசெல்லுலோஸ் பஞ்சு மாதிரி. துளைகளுக்குள் புரதம் நிறைய இறங்கும், வடிவமும் ஓரளவு கெடாமல் இருக்கும். ஈ.கோலை சாற்றோடு கலந்த, அளவு குறைந்த புரதத்தை அச்சிட இதுதான் வசதி. விலை என்னவென்றால் அது தானே ஒளிர்கிறது. நீல ஒளியில் தூண்டி பச்சையில் பார்த்தால் ஸ்லைடு முழுக்கப் பால் கொட்டியதுபோல் தெரியும். சிவப்புக்குப் போகப் போக அது அடங்கும். அகச்சிவப்பு ஓரத்தில், 800 நானோமீட்டர் பக்கம், ஏறக்குறைய இருட்டாகிவிடும்.

ஆகவே நைட்ரோசெல்லுலோஸில் ஃப்ளோரசீன் போன்ற பச்சைச் சாயத்தை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். ஒரு ஸ்லைடைக்கூட நனைக்கும் முன், அதே தொகுதியிலிருந்து ஒரு வெற்று ஸ்லைடை எடுத்து, உங்களிடம் உள்ள எல்லா அலைநீளங்களிலும் படமெடுத்து எண்களை எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை. தொகுதிக்குத் தொகுதி இந்த எண் மாறும்.

படி 2: சாயத்தைத் தேர்வது

1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் கவனித்துச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒளிரும் பொருள் வாங்கும் ஒளியைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பித் தரும். வாங்குவதற்கும் தருவதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு அகலமோ, வடிகட்டிக்கு அவ்வளவு சுலபம். சாயத்தைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு ஒளியை விழுங்குகிறது, அதில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது.

சை3, சை5 இரண்டும் மைக்ரோஅரே உலகத்தின் பழைய ஜோடி. சை3 சுமார் 550 நானோமீட்டரில் வாங்கி 570-இல் தரும். சை5 சுமார் 650-இல் வாங்கி 670-இல் தரும். வழக்கமான ஸ்கேனர்களில் இருக்கும் 532, 635 நானோமீட்டர் லேசர்கள் இவற்றுக்குப் பொருந்தும். சை5 சிவப்பில் இருப்பதால் நைட்ரோசெல்லுலோஸின் தன்னொளிர்வு அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் சை5-க்கு ஓர் எதிரி உண்டு: ஓசோன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றில் நூறு கோடிப் பங்கில் 5 முதல் 10 பங்கு ஓசோன் இருந்தாலே, 10 முதல் 30 நொடிக்குள் சை5 பாதிக்கப்படுவதைக் காட்டியது. சை3-ஐத் தொட 100 பங்குக்கு மேல் வேண்டும்.

நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு கோடைக்காலத்தில் இதை நேரில் பார்த்தேன். ஒரே சீரம், ஒரே நாளில் செய்த 24 ஸ்லைடுகள். காலையில் ஸ்கேன் செய்தவை பிரகாசமாக இருந்தன. பிற்பகலில் செய்தவை வரிசையாக மங்கிக்கொண்டே வந்தன. சீரம் கெட்டுவிட்டதென்று இரண்டு நாள் தேடினோம். பிறகு முதல் ஸ்லைடை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தபோது அதுவும் பாதியாகியிருந்தது. ஆனால் சை3-ஐப் பார்க்கும் பச்சைச் சானலில் எதுவும் குறையவில்லை. அப்போதுதான் காற்றைச் சந்தேகித்தோம். வெயில் ஏற ஏறப் பிற்பகலில் ஓசோன் கூடும். போதாததற்கு அந்த அறையில் லேசர் பிரிண்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஓசோனை வெளிவிடும். பிரிண்டரை வெளியே வைத்தோம், கார்பன் வடிகட்டி போட்டோம், உலர்த்திய ஸ்லைடை உடனே ஸ்கேன் செய்யப் பழகினோம். அன்றிலிருந்து எந்தத் தொகுதியிலும் முதல் ஸ்லைடைக் கடைசியில் ஒருமுறை திரும்ப ஸ்கேன் செய்வது என் வழக்கம். அலெக்சா 647 என்ற சாயம் அதே சிவப்பில் வரும், சை5-ஐவிடத் தாக்குப்பிடிக்கும். இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஃபைகோஎரித்ரின் வேறு ரகம். சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பெரிய புரதம், எடை சுமார் 2,40,000 டால்டன். ஒரே மூலக்கூறு பல நிறக்கூறுகளைச் சுமப்பதால் சாதாரணச் சாயத்தைவிடப் பல மடங்கு ஒளியை விழுங்கும். 578 நானோமீட்டர் பக்கம் பளிச்சென்று தரும். மங்கலான ஆன்டிபாடியைப் பிடிக்க நல்லது. ஆனால் லேசர் பட்டால் சீக்கிரம் வெளிறும். ஒரு முறைக்கு மேல் ஸ்கேன் செய்யாதீர்கள், உறைய வைக்கவே வேண்டாம்.

அகச்சிவப்புச் சாயங்கள், ஐஆர்டை 800 போன்றவை, 785 நானோமீட்டர் லேசர் உள்ள கருவி வைத்திருப்பவர்களுக்கு. பின்புலம் அற்புதமாக இருட்டாக இருக்கும். அந்தக் கருவிகளில் பல, புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லுக்கும் பிளாட்டுக்கும் செய்தவை. புள்ளியைப் பிரித்துப் பார்க்கும் நுணுக்கம் போதுமா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி குவாண்டம் டாட். 2023-இல் வேதியியல் நோபல் பரிசு பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் மூவருக்கும் கிடைத்தது இதற்குத்தான். சில நானோமீட்டர் அளவுள்ள குறைகடத்திப் படிகம். பொருளையும் அளவையும் மாற்றினால் நிறம் மாறும். இதன் பெரிய வசதி: 585-இல் தருவதும் 800-இல் தருவதும் ஒரே ஊதா ஒளியில் தூண்டப்படும். சாதாரணச் சாயத்தில் 20 நானோமீட்டராக இருக்கும் இடைவெளி, இங்கே 400 நானோமீட்டர் வரை போகும். ஒரே விளக்கை எரியவிட்டு, முன்னால் வடிகட்டியை மட்டும் மாற்றி, ஐஜிஜி, ஐஜிஏ என்ற இருவகை ஆன்டிபாடிகளில் முன்னதை ஒரு நிறத்திலும் பின்னதை இன்னொரு நிறத்திலும் படமெடுத்துவிடலாம். ஓசோன் பயமும் இல்லை, லேசில் வெளிறாது. கோவிட் ஸ்லைடில் இர்வைன் குழு செய்தது இதுதான்: 800-இல் ஐஜிஜி, 585-இல் ஐஜிஏ. மங்கலாக வரக்கூடிய, அல்லது உங்களுக்கு முக்கியமான ஆன்டிபாடி எதுவோ அதற்கு 800-ஐ ஒதுக்குங்கள், ஏனென்றால் ஊதா ஒளியில் நைட்ரோசெல்லுலோஸ் 585 பக்கத்தில் கொஞ்சம் மினுக்கத்தான் செய்யும்.

குறையும் உண்டு. பூச்சு, புரதமெல்லாம் சேர்ந்து 15 முதல் 20 நானோமீட்டருக்குப் பெருத்துவிடும், அதனால் மெதுவாகத்தான் நகரும். சாயம் ஏற்றிய ஆன்டிபாடிக்கு 1 மணி நேரம் போதுமென்றால் இதற்கு 2 மணி நேரம் கொடுங்கள். தாமிர அயனி ஒளியை அணைத்துவிடும். உறைய வைத்தால் கட்டிக்கொள்ளும். எடுக்கும் முன் சில நிமிடம் மையவிலக்கில் சுற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள். அடியில் தங்கிய கட்டியை எடுத்தால் ஸ்லைடு முழுக்க நட்சத்திரம் சிதறியதுபோல் வரும்.

படி 3: நேரடியா, பயோட்டின் வழியா

சீரத்தின் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியில் சாயத்தை நேரடியாக ஏற்றலாம். அல்லது அதில் பயோட்டினை (ஒரு சிறு வைட்டமின்) ஏற்றி, அதன்மேல் சாயம் ஏற்றிய ஸ்ட்ரெப்டாவிடினை (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்) விடலாம். ஒரு ஆன்டிபாடியில் பல பயோட்டின், அவற்றில் பல ஸ்ட்ரெப்டாவிடின் என்று பெருகுவதால் இரண்டாவது வழியில் ஒளி கூடும். பல வருடம் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் ஈ.கோலை சாற்றில் செய்த புரதத்தை அச்சிட்டிருந்தால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈ.கோலைக்குள் இயல்பாகவே பயோட்டின் ஏறிய ஒரு புரதம் உண்டு. கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியின் பகுதி அது. நீங்கள் அச்சிட்ட ஒவ்வொரு புள்ளியிலும் அதுவும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரெப்டாவிடின் அதையும் பிடித்துக்கொள்ளும். சீரமே ஊற்றாத ஸ்லைடிலும் எல்லாப் புள்ளிகளும் மெலிதாக ஒளிரும். இதைத் தெரியாமல் "எல்லா ஆன்டிஜெனுக்கும் கொஞ்சம் எதிர்வினை" என்று எழுதிவிடக்கூடாது. சீரம் இல்லாத ஒரு ஸ்லைடைக் கட்டாயம் ஓட்டுங்கள். பின்புலம் அதிகமென்றால் நேரடிச் சாயத்துக்கு மாறுங்கள். பிரகாசமான குவாண்டம் டாட் வந்த பிறகு பயோட்டினின் பெருக்கல் பல வேலைகளுக்குத் தேவைப்படுவதில்லை.

இரண்டாம் ஆன்டிபாடி வாங்கும்போது காமா (ஐஜிஜி), மியூ (ஐஜிஎம் என்ற இன்னொரு வகை), ஆல்ஃபா (ஐஜிஏ) என்று அந்தந்த வகைக்கே உரிய கனச்சங்கிலியை மட்டும் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள். லேசான சங்கிலி ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டிலும் ஒன்றேதான். "முழு மூலக்கூறுக்கு எதிரானது" என்று எழுதியிருந்தால் ஐஜிஎம் என்று நீங்கள் அளப்பதில் பாதி ஐஜிஜியாக இருக்கும்.

படி 4: நீங்களே சாயம் ஏற்றுவதென்றால்

தயாராக வாங்குவது சுலபம், ஆனால் சில ஆன்டிபாடிகளுக்கு நாமே ஏற்ற வேண்டிவரும். என்எச்எஸ் எஸ்டர் வகைச் சாயம், புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமீனோடு பிணையும். பி.எச். 8.3 பக்கம் பைகார்பனேட் கரைசல் நல்லது. ட்ரிஸ், கிளைசின் இருக்கக்கூடாது. அவற்றிலும் அமீன் இருப்பதால் சாயத்தை அவையே தின்றுவிடும். பிணையாத சாயத்தை உப்புநீக்கும் நிரல் வழியே பிரித்துவிட்டு, ஓர் ஆன்டிபாடிக்கு எத்தனை சாயம் ஏறியிருக்கிறது என்று கணக்குப் போடுங்கள்.

ஓர் உதாரணம். அலெக்சா 647 ஏற்றிய கரைசலில் 650-இல் உட்கவர்வு (விழுங்கும் ஒளியின் அளவு) 1.20, 280-இல் 0.36 என்று வைத்துக்கொள்வோம். சாயத்தின் உட்கவர் திறன் 2,39,000. 1.20-ஐ அதால் வகுத்தால் சாயம் 5.02 மைக்ரோமோலார். சாயம் 280-இலும் 3 சதவீதம் உட்கவரும். 0.36-இலிருந்து 0.036-ஐக் கழித்தால் 0.324. ஐஜிஜியின் திறன் 2,10,000. ஆன்டிபாடி 1.54 மைக்ரோமோலார். விகிதம் சுமார் 3.3. இது நல்ல எண். 3-இலிருந்து 6 வரை இருந்தால் வேலைக்கு ஆகும். அதற்கு மேல் ஏற்றினால் ஒளி கூடுமென்று நினைப்போம், நடப்பது எதிர்மாறு. நெருக்கமாக இருக்கும் சாயங்கள் ஒன்றின் ஆற்றலை இன்னொன்று வாங்கி அணைத்துவிடும். ஆன்டிபாடி பிடிக்கும் முனையிலுள்ள லைசினில் சாயம் ஏறினால் பிடிப்பும் போகும்.

படி 5: அச்சிடும்போதே சேர்க்க வேண்டியவை

ஆன்டிஜென்களோடு இவற்றையும் ஸ்லைடில் புள்ளிகள் அமைந்த ஒவ்வொரு கட்டத்திலும் அச்சிடுங்கள்: மரபணு சேர்க்காத வெறும் ஈ.கோலை சாறு, கரைசல் மட்டும், மனித ஐஜிஜி நீர்த்தல் வரிசை, மனித ஐஜிஏ அல்லது ஐஜிஎம் வரிசை, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பிரதி. பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். ஓரிடத்தில் தூசி விழுந்தால் மற்றது தப்பும்.

ஐஜிஜி வரிசை இரண்டாம் ஆன்டிபாடி வேலை செய்ததா என்று சொல்லும். வெறும் சாறுதான் உங்கள் உண்மையான பூஜ்ஜியம். இந்த இரண்டும் இல்லாத ஸ்லைடில் வந்த எண்ணை நான் நம்புவதில்லை.

படி 6: ஊறவைப்பதும் கழுவுவதும்

முதல் நாள். சீரத்தைத் தடுப்புக் கரைசலில் (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுப்பது) 1:100 நீர்க்கவும். அதில் ஈ.கோலை சாற்றையும் சேர்த்து அறை வெப்பத்தில் 30 நிமிடம் வைக்கவும். நம் எல்லோர் ரத்தத்திலும் ஈ.கோலைக்கு எதிரான ஆன்டிபாடி உண்டு. அவை ஸ்லைடுக்குப் போகும் முன் இந்தச் சாற்றில் சிக்கிக்கொள்ளட்டும். சுத்திகரித்த புரதம் அச்சிட்ட ஸ்லைடுக்கு இது தேவையில்லை. அதே 30 நிமிடத்தில் ஸ்லைடையும் தடுப்புக் கரைசலில் ஊறவிடுங்கள். பிறகு சீரத்தை ஊற்றி 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாக ஆட்டவும்.

மறுநாள் 0.05 சதவீதம் ட்வீன் 20 (சோப்புப் போன்ற பொருள்) கலந்த ட்ரிஸ் உப்புக் கரைசலில் மூன்றிலிருந்து ஐந்து முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம் கழுவவும். இரண்டாம் ஆன்டிபாடி ஊற்றியதிலிருந்து விளக்கு வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். குவாண்டம் டாட் என்றால் 1:200-இல் தொடங்கி, உங்கள் சரக்குக்கு எது சரி என்று நீர்த்தல் வரிசை போட்டுப் பாருங்கள். மறுபடி ட்வீனோடு மூன்று முறை, ட்வீன் இல்லாமல் மூன்று முறை, கடைசியில் சுத்த நீரில் ஒரே ஒரு முக்கு. ட்வீன் தங்கினால் காய்ந்த இடத்தில் மேகம் போலப் படியும். உப்பு தங்கினால் படிகமாகி மினுக்கும்.

இந்தப் படி முழுவதிலும் ஒரே கட்டளைதான்: சீரம் விட்டதிலிருந்து கடைசிக் கழுவல் வரை ஸ்லைடு காயவே கூடாது. ஓரம் ஒருமுறை காய்ந்தால் அங்கே ஆன்டிபாடி ஒட்டியது ஒட்டியதுதான், எத்தனை கழுவினாலும் போகாது. கழுவி முடித்ததும் மாறாக வேகமாகக் காய வேண்டும். மையவிலக்கில் 500 ஜி-யில் சில நிமிடம் சுற்றுங்கள். தானாகக் காயவிட்டால் நீர்த்துளி சுருங்கிய இடத்தில் வட்டம் விழும்.

இரண்டு விதமான ஆன்டிபாடியை ஒரே ஸ்லைடில் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஐஜிஜி நிறைய இருக்கும் சீரத்தில் அதே ஆன்டிஜெனுக்கான ஐஜிஎம் உட்கார இடமில்லாமல் போகும். ஐஜிஎம் குறைவாக வந்தால் அது சீரத்திலேயே குறைவு என்று அர்த்தமாகாது. சந்தேகம் இருந்தால் ஐஜிஜியை நீக்கிய சீரத்தோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

படி 7: லேசர் ஸ்கேனரா, கேமராவா

லேசர் ஸ்கேனர் ஸ்லைடைப் பேனா வைத்து எழுதுவதுபோல் படிக்கும். ஒளி ஒரு நேரத்தில் ஒரு சிறு புள்ளியில் விழும். வரும் ஒளியை ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் மின்சாரமாக்கிப் பெருக்கும். 5 அல்லது 10 மைக்ரான் படியாக நகர்ந்து முழுப் படத்தையும் சேர்க்கும். உணர்திறன் அபாரம். ஆனால் விலை அதிகம், நகரும் பாகங்கள் அதிகம், லேசர் சூடாகி நிலைப்பட கால் மணி நேரம் ஆகும். குழாயின் மின்னழுத்தத்தைக் கூட்டினால் சிக்னலோடு பின்புலமும் சேர்ந்து கூடும், அதுவும் நேர்கோட்டில் கூடாது. இரண்டு நாளில் இரண்டு அழுத்தத்தில் எடுத்த ஸ்லைடுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

கேமரா முறையில் விளக்கு முழுப் பரப்பிலும் விழும், சிமோஸ் உணரி ஒரே நேரத்தில் படமெடுக்கும். பெருக்கத்துக்குப் பதில் எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பதுதான் இங்கே கைப்பிடி. இருமடங்கு நேரம் வைத்தால் இருமடங்கு எண் வரும். வேறு நேரத்தில் எடுத்த படங்களையும் நேரத்தால் வகுத்து ஒப்பிடலாம். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்குக் கேமரா பிடிக்கும். இர்வைன் குழு 2016-இல் குவாண்டம் டாட்டும் சிமோஸ் கேமராவும் சேர்ந்த முறையை வழக்கமான சாயம், லேசர் ஸ்கேனர் முறையோடு வைத்துப் பார்த்து, அதற்கு மாற்றாக இது நிற்கும் என்று காட்டியது. பெரிய ஸ்கேனர் வாங்க முடியாத மருத்துவமனை, கள ஆய்வகம் போன்ற இடங்களுக்கு இது உண்மையான வாசல்.

கேமராவின் நுணுக்கம் போதுமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மைக்ரான் விட்டமுள்ள புள்ளியில் 10 மைக்ரான் படத்துணுக்குகள் (பிக்சல்) சுமார் 177 விழும். 5 மைக்ரானில் சுமார் 700. சராசரி எடுக்க 177 தாராளம். கேமராவில் உண்மையான கவலை வேறு: விளக்கு நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழலாம். சீராக ஒளிரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தையும் அதால் வகுத்துத் திருத்துங்கள்.

எந்தக் கருவியானாலும் படம் 16 பிட் டிஃப் கோப்பாக இருக்கட்டும். உச்ச எண் 65,535. அதைத் தொட்ட துணுக்கில் உண்மை எண் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அச்சிட்ட ஐஜிஜியின் உச்சப் புள்ளி 50,000 தாண்டாதபடி அமைப்பை வைத்துக்கொண்டு, அந்த அமைப்பை ஆய்வு முடியும் வரை மாற்றாதீர்கள். பிரகாசமானதும் மங்கலானதும் ஒரே ஸ்லைடில் இருந்தால் குறைந்த அமைப்பில் ஒன்று, கூடிய அமைப்பில் ஒன்று என இரண்டு படம் எடுங்கள். ஜேபெக்காகச் சேமிக்கவே கூடாது, சுருக்கும்போது எண்களே மாறிவிடும்.

இரண்டு நிறம் வைத்தால் ஒன்று மற்றதில் கசிகிறதா என்று பார்க்க, ஒரு நிறம் மட்டும் போட்ட ஸ்லைடை இரண்டு சானலிலும் படமெடுங்கள். கசிவு ஒரு சதவீதத்துக்கும் கீழே என்றால் விடலாம். கூடுதலென்றால் அந்தப் பங்கைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

படி 8: படத்திலிருந்து எண்ணுக்கு

மென்பொருள் கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியையும் வட்டமிடும். அதைத் தானியங்கியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால் அத்தனை பெயரும் மாறிவிடும். நான்கு மூலையிலும் உள்ள ஐஜிஜி புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

புள்ளிக்குள் சராசரியைவிட நடு மதிப்பு நல்லது. ஒரு தூசி சராசரியைத் தூக்கிவிடும், நடு மதிப்பை அசைக்காது. புள்ளியைச் சுற்றியுள்ள பின்புலத்தைக் கழிப்பது வழக்கம். நைட்ரோசெல்லுலோஸில் இதை மட்டும் நம்பினால் போதாது, ஏனென்றால் புரதம் படிந்த இடமும் படியாத இடமும் ஒரே மாதிரி ஒளிர்வதில்லை. அதனால்தான் வெறும் சாற்றுப் புள்ளிகள். அதே சீரத்துக்கு அவை காட்டும் அளவைக் கழித்த பிறகு மிஞ்சுவதே ஆன்டிஜெனுக்கான சிக்னல். வெறும் சாற்றின் சராசரியோடு இரண்டு மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டி, அதற்கு மேலே இருந்தால் எதிர்வினை உண்டு என்று வைப்பது எளிய தொடக்கம். எண்கள் நூறிலிருந்து அறுபதாயிரம் வரை விரிவதால், ஒப்பிடும் முன் 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

ஐஜிஜி வரிசையை வைத்து வளைவு வரைந்தால், ஒளியை "இவ்வளவு ஐஜிஜிக்குச் சமம்" என்று மாற்றலாம். அப்போதும் அந்த எண்ணுக்குள் ஆன்டிபாடியின் அளவும் அது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதும் கலந்தே இருக்கும். இரண்டையும் பிரிக்க வேண்டுமென்றால் இரட்டை ஸ்லைடு வைத்து, சீரத்துக்குப் பிறகு ஒன்றை மட்டும் 6 மோலார் யூரியாவில் கழுவுங்கள். தளர்வாகப் பிடித்தவை கழன்றுவிடும், மிஞ்சும் விகிதம் பிடிப்பைச் சொல்லும்.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள்

புள்ளிக்கு வால் முளைத்து வால்நட்சத்திரம் போலத் தெரிந்தால், அச்சிட்ட புரதம் சரியாக ஒட்டாமல் முதல் தடுப்புக் கரைசலில் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. ஊற்றும்போது ஒரு பக்கமாக ஊற்றியிருப்பீர்கள். நடுவில் ஓட்டையோடு மோதிரமாக வந்தால் அச்சிடும் அறை மிக வறண்டிருந்தது, துளி ஓரத்தில் காய்ந்துவிட்டது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஈரப்பதம் மிகுதி.

ஸ்லைடு முழுக்க ஒரே சீராகப் பிரகாசமென்றால் இரண்டாம் ஆன்டிபாடி கூடுதல், அல்லது தடுப்புக் கரைசல் பழையது. ஒரு பக்கம் மட்டும் பிரகாசமென்றால் ஆட்டும் மேடை சாய்ந்திருக்கிறது, இல்லை அந்த ஓரம் காய்ந்திருக்கிறது. எதுவுமே தெரியவில்லையா? பதறாமல் ஐஜிஜி புள்ளிகளைப் பாருங்கள். அவை ஒளிர்ந்தால் சாயமும் கருவியும் சரி, சீரத்திலோ ஆன்டிஜெனிலோதான் தேட வேண்டும். அவையும் இருட்டென்றால் இரண்டாம் ஆன்டிபாடியை ஊற்ற மறந்திருக்கலாம், சாயம் செத்திருக்கலாம், அல்லது ஸ்லைடு தலைகீழாக இருக்கலாம். புள்ளிகள் இருக்கும் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும்.

ஸ்லைடில் பெயர் எழுதப் பென்சில் போதும். மார்க்கர் மையில் பல வகை ஒளிரும், கரைந்து புள்ளிகள்மேல் ஓடவும் செய்யும். படமெடுத்த பின் ஸ்லைடை இருட்டில், உலர்ந்த பெட்டியில், முடிந்தால் நைட்ரஜன் நிரப்பி வையுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண், சாயத்தின் தொகுதி எண், ஸ்கேன் செய்த மணி, கருவியின் அமைப்பு நான்கையும் எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஓர் எண் ஒத்துப்போகாதபோது முதலில் தேடப்போவது இந்த நான்கைத்தான்.